குற்றாலம் ரோடு ரேஸ் டிராக் இல்ல மக்கா!

ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்கு இரண்டு விஷயம் வந்து சேரும். ஒன்று, மலையிலிருந்து இறங்கி வரும் குளிர்ந்த காற்று. இன்னொன்று, சைலன்சரை மாற்றிய பைக்குகளின் சத்தம்.

ராஜபாளையம், கோவில்பட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று எங்கெங்கிருந்தோ பையன்கள் கிளம்பி வருவார்கள். உள்ளூர்ப் பையன்களும் சும்மா இருப்பதில்லை. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மொத்தமே 5 கிலோமீட்டர்தான். அந்த 5 கிலோமீட்டரில் என்னவெல்லாம் இருக்கும்? தலை நிறைய எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டு போட்டு, குடும்பம் குடும்பமாக நடந்து போகிறவர்கள். ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கிற தள்ளுவண்டிகள். வேன், ஆட்டோ, அரசு பஸ், குரங்கு. எல்லாவற்றுக்கும் மேலே நனைந்து கிடக்கிற தார் ரோடு. இதற்கு நடுவே பின்னால் ஒருத்தனை உட்காரவைத்துக்கொண்டு, முன் சக்கரத்தைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரு பைக் போகும்.

டீக்கடையில் நிற்கிற பெரியவர் ஒருவர் சொல்வார்: "ஏலே, இவனுவள்ல நாலு பேரைப் பிடிச்சு உள்ள போட்டாத்தான் அடங்குவானுவ."

பக்கத்தில் நிற்கிற பையன் மெதுவாகச் சொல்வான்: "அவனுக்கு என்னா தில்லு பாத்தியா!"

ஒவ்வொரு சீசனுக்கும் இதே வசனம்தான். பெரியவர் சொல்வதும் பொய்யில்லை. பையன் சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. பைக்கை வேகமாகவும் லாவகமாகவும் ஓட்டுகிற திறமை ஒருத்தனுக்கு நிஜமாகவே இருந்தால், தென்காசி மாதிரி ஒரு ஊரில் அவன் எங்கே போவான்?

பாடத் தெரிந்தவனுக்குப் பாட்டு டீச்சர் இருக்கிறார். ஓடத் தெரிந்தவனுக்கு ஸ்கூல் கிரவுண்டு இருக்கிறது. கபடிக்கு ஊருக்கு ஒரு டீம் இருக்கிறது. இவனுக்கு மட்டும் ரோடு ஒன்றுதான்.

சந்தோஷ் என்று ஒருத்தர்

சி.எஸ்.சந்தோஷ் என்ற பெயரைச் சொன்னால் குற்றாலம் ரோட்டில் வீலிங் விடுகிற பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சந்தேகம்தான். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் வீலிங் செய்யப்போய் விழுந்து, டிரைவிங் லைசென்ஸே 10 வருஷத்துக்கு ரத்தான யூடியூபரை எல்லோருக்கும் தெரியும். என்ன கொடுமை சார் இது!

சந்தோஷ் பெங்களூர்க்காரர். 1983இல் பிறந்தவர். மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் என்று மண்ணில் ஓட்டும் பந்தயங்களில் தேசிய சாம்பியனாக இருந்தவர். மோட்டோகிராஸ் என்பது மேடும் பள்ளமுமான மண் பாதையில் ஓட்டுவது. அதே மாதிரி மேடு பள்ளங்களை ஒரு மைதானத்துக்குள் மண்ணைக் கொட்டிக் கட்டி ஓட்டினால் அது சூப்பர்கிராஸ். தாவுகிறபோது வண்டி ஆள் உயரத்துக்கு மேலே பறக்கும். இறங்குகிற இடம் ஒரு அடி தப்பினால் எலும்பு போய்விடும்.

இதில் ஜெயித்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. பாலைவன ராலிப் பக்கம் போனார். 2013இல் அபுதாபி பாலைவனப் பந்தயத்தில் அவருடைய வண்டி தீப்பிடித்தது. கழுத்தில் தீக்காயம். பெரும்பாலான ஆட்கள் அதோடு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் 2015 ஜனவரியில் டக்கார் ராலியின் தொடக்கக் கோட்டில் போய் நின்றார்.

டக்கார் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகரத்துக்கு என்று ஆரம்பித்த பந்தயம் இது. பெயர் அப்படியே இருக்க, இடம் மாறிக்கொண்டே வந்தது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவில் நடந்தது. 2020லிருந்து சவூதி அரேபியாவில் நடக்கிறது. இரண்டு வாரம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். மணல், பாறை, உப்புத் தரை எல்லாம் வரும். வழிக் குறிப்பைப் படித்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

2015இல் அது அர்ஜென்டினா, சிலி, பொலிவியா என்று மூன்று நாடுகளைச் சுற்றியது. கிளம்பிய பைக்குகளில் ஏறக்குறைய பாதி வந்து சேரவில்லை. சந்தோஷ் வந்து சேர்ந்தார். 36ஆவது இடம். பைக்கில் டக்காரை முடித்த முதல் இந்தியர் அவர்தான்.

36ஆவது இடமா, இதுக்கா இவ்வளவு பில்டப் என்று கேட்கலாம். முதல் 20 இடத்துக்குள் வருகிற ஆட்களில் பெரும்பாலானவர்கள் சின்ன வயசிலேயே மண் டிராக்கில் ஓட்ட ஆரம்பித்தவர்கள். பின்னால் கம்பெனி, மெக்கானிக், டாக்டர் என்று ஒரு பட்டாளமே நிற்கும். அந்த மாதிரி எதுவும் இல்லாத ஒரு நாட்டிலிருந்து போய் முடித்துக் காட்டியதுதான் விஷயம்.

அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் பெரிய அளவில் இறங்கின. ஹீரோ நிறுவனம் தனி ராலி டீம் வைத்து 2017இல் டக்காருக்குப் போனது. சந்தோஷ் அதில் ஓட்டினார். அந்த வருஷம் 47ஆவது, 2018இல் 34ஆவது. 2020இல் அதே டீமில் ஓட்டிய போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கோன்சால்வ்ஸ் பந்தயத்தின் நடுவே விழுந்து இறந்துபோனார். டீம் முழுவதும் போட்டியிலிருந்து விலகியது. அடுத்த வருஷம், 2021 ஜனவரி 6ஆம் தேதி, ரியாத் நோக்கிப் போகும் நான்காவது கட்டத்தில் சந்தோஷே விழுந்தார். தலையில் பலமான அடி. மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை கொடுக்க வேண்டி வந்தது. பிழைத்து ஊர் திரும்பினார்.

ஒரு வீரருடைய கதை என்றால் இதோடு முடித்துவிடலாம். விழுந்தார், எழுந்தார், கைதட்டு. ஆனால் அவர் செய்த வேறு ஒரு காரியத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டும். பெங்களூருக்குப் பக்கத்தில் கோலாரில் 'பிக் ராக்' என்று ஒரு மண் மைதானத்தை உருவாக்கினார். மண்ணில் பைக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம். எப்படி நிற்பது, எப்படிப் பிரேக் பிடிப்பது, எப்படி விழுவது என்று சொல்லித் தருகிற இடம். பதக்கம் அலமாரியில் இருக்கும். மண் மைதானத்தில் அடுத்த பையன் ஓட்டுவான்.

ஷொர்ணூர் ஓட்டும்போது செங்கோட்டை ஓட்டாதா?

பெங்களூர் பெரிய ஊர், பணம் இருக்கும் இடம், அங்கே எல்லாம் நடக்கும் என்று சொல்வதற்கு முன்னால் இன்னொருவரைப் பார்ப்போம். ஹரித் நோவா. கேரளாவில் ஷொர்ணூர்க்காரர். ரயிலில் போகிறவர்களுக்கு ஷொர்ணூர் என்றால் ஒரு ஜங்ஷன், அவ்வளவுதான். நம்ம செங்கோட்டை மாதிரி.

அந்த ஷொர்ணூர்க்காரர் தேசிய சூப்பர்கிராஸ் சாம்பியன் ஆனார். டிவிஎஸ் டீமில் சேர்ந்து டக்காருக்குப் போனார். 2021இல் 20ஆவது இடம். 2024இல் 'ராலி 2' என்ற பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தமாக 11ஆவது. டக்காரில் ஒரு பிரிவை ஜெயித்த முதல் இந்தியர். அடுத்த வருஷமே, 2025இல், தொடக்கச் சுற்றிலேயே விழுந்து அடிபட்டு விலக வேண்டி வந்தது. இந்த விளையாட்டு அப்படித்தான். கொடுப்பதையும் எடுப்பதையும் முன்கூட்டிச் சொல்லாது.

டிவிஎஸ் என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1982லிருந்து பந்தய டீம் வைத்திருக்கிற கம்பெனி அது. தொழிற்சாலை ஓசூரில். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது திருக்குறுங்குடியில். தென்காசிக்குத் தெற்கே, இதே மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். நாட்டிலேயே பழைய பைக் ரேஸ் டீம்களில் ஒன்றின் பெயர் நம்ம மலையடிவாரத்திலிருந்து கிளம்பியிருக்கிறது. ஆனால் இந்த மலையடிவாரத்தில் பைக் ரேஸ் ஓட்ட ஒரு ஏக்கர் மண் கிடையாது.

பிஸ்கட் டப்பா நாடு

டென்மார்க் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வளைகுடாவிலிருந்து மாமா வாங்கி வந்த வெண்ணெய் பிஸ்கட் டப்பா. பிஸ்கட் தீர்ந்ததும் அதில் அம்மா ஊசி நூல் போட்டு வைத்திருப்பார். சரித்திரம் படித்தவர்களுக்குத் தரங்கம்பாடி கோட்டை ஞாபகம் வரும். 1620இல் கட்டியது. 1845இல் வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

அந்த டென்மார்க் ஒரு பைக் பந்தயத்தில் உலகத்தையே பல வருஷம் ஆட்டி வைத்தது. பந்தயத்தின் பெயர் ஸ்பீட்வே. நீள்வட்ட மண் தரை. ஒரு சுற்று சுமார் 300 முதல் 400 மீட்டர். ஒரு தடவைக்கு 4 பேர், 4 சுற்று. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்து 2, அடுத்து 1, கடைசி ஆளுக்கு முட்டை. வண்டி 500 சிசி. ஒரே கியர். பிரேக்கே கிடையாது! (பிரேக் இல்லாத வண்டி நம்ம ஊரிலும் நிறைய ஓடுது என்று முணுமுணுக்க வேண்டாம்.) பின் சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இரும்பு அடி போட்ட இடது பூட்ஸைத் தரையில் உரசிக்கொண்டே இடது பக்கமாகத் திரும்ப வேண்டும். மண் சிதறும். பார்க்கிறவனுக்கு மூச்சு நின்றுவிடும்.

இதில் டென்மார்க்குக்கு முதல் உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் ஓலே ஓல்சன். 1946இல் ஹாடர்ஸ்லேவ் என்ற ஊரில் பிறந்தவர். அப்போது ஸ்பீட்வேயில் பெயர் எடுக்க வேண்டும் என்றால் இங்கிலாந்து போக வேண்டும். அங்கேதான் லீக், அங்கேதான் காசு. 1967இல் நியூகாசில் டீமுக்குப் போனார். 1971இல் உலக சாம்பியன். மறுபடி 1975, மறுபடி 1978. மூன்று தடவை.

அதே 1975இல் வோயன்ஸ் என்ற சின்ன ஊரில் ஒரு ஸ்பீட்வே மைதானம் திறந்தார். 10,000 பேர் கூட இல்லாத ஊர். நம்ம இலஞ்சி, மேலகரம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக சாம்பியன் ஒருத்தர் லண்டனில் வீடு வாங்காமல் சொந்த மண்ணில் மைதானம் போடுகிறார் என்றால் ஊர்க்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? நம்ம ஊராக இருந்தால், "காசு கொழுத்துப் போச்சு" என்றிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1984, 1985 உலக சாம்பியன் எரிக் குண்டர்சன். 1986, 1987 ஹான்ஸ் நீல்சன். 1988 மறுபடி குண்டர்சன். 1989 மறுபடி நீல்சன். ஆறு வருஷம் தொடர்ந்து பட்டம் ஒரே நாட்டுக்கு. அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகை அப்போது சுமார் 50 லட்சம்தான்! 1988 இறுதிப் போட்டி நடந்த இடம் அதே வோயன்ஸ். அங்கே கடைசியில் சமநிலையில் நின்ற இரண்டு பேருமே டென்மார்க்காரர்கள், குண்டர்சனும் நீல்சனும். தனியாக ஒரு ரேஸ் வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

ஒரே ஒரு மைதானம்தான் இத்தனைக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் கிளப் இருந்தது. சின்னப் பிள்ளைகள் சின்ன வண்டியில் ஆரம்பித்து, 80 சிசி ஓட்டி, பிறகு பெரிய வண்டிக்கு வருகிற படிக்கட்டு இருந்தது. ஆனால் முன்னால் போன ஒருத்தர் திரும்பி வந்து மண்ணைப் போட்டுக் காட்டியது அந்தப் படிக்கட்டைப் பலப்படுத்தியது. சந்தோஷ் கோலாரில் செய்ததும் அதே வேலைதான். அவருக்குப் பின்னால் ஊருக்கு ஊர் கிளப் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கணக்கு என்ன சொல்கிறது?

"இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு" என்பது அடுத்த வாதம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது முதல் வருஷப் பாடம்தான். நிலையான செலவு, மாறும் செலவு.

ஒரு பையன் தனியாக ரேஸ் ஓட்ட வேண்டும் என்றால் எல்லாச் செலவும் அவன் தலையில். வண்டி, டயர், மெக்கானிக், பூட்ஸ், முழங்கால் கவசம், கழுத்துக் கவசம், நல்ல ஹெல்மெட், நுழைவுக் கட்டணம், இன்சூரன்ஸ். அதோடு டிராக் இருக்கிற ஊருக்குப் போய்வரும் செலவு. தமிழ்நாட்டில் பெயர் சொல்கிற டிராக் எங்கே இருக்கிறது? ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தில் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் 1990இல் அங்கே தனி டிராக் போட்டார்கள். இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்தது. பெயரில் ஸ்பீட்வே இருந்தாலும் அதுவும் தார் டிராக்தான்.

தென்காசியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 600 கிலோமீட்டர். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒரு ராத்திரி. பையன் போய்விடுவான். வண்டி, டயர், மெக்கானிக் எல்லாம் எப்படிப் போகும்? இரண்டு தடவை போய்வந்தால் அப்பாவின் வைப்புநிதி காலி.

ஆக இந்த விளையாட்டு பணக்காரனுடையதாக இருப்பதற்குக் காரணம், நிலையான செலவைப் பகிர்ந்துகொள்ள இங்கே யாரும் இல்லை என்பதுதான். கிளப் என்று ஒன்று இருந்தால் இரண்டு வண்டியை இருபது பேர் ஓட்டிப் பழகலாம். கவசங்களையும் ஒரே செட்டாக வைத்து மாற்றி மாற்றிப் போடலாம். ஆம்புலன்ஸ் வாடகை ஆளுக்கு நூறு, இருநூறாகக் குறையும்.

இது நமக்குத் தெரியாத சமாச்சாரமா? மாட்டு வண்டிப் பந்தயத்தை நினைத்துப் பாருங்கள். தெற்கு மாவட்டங்களில் கோயில் கொடை வந்தால் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்துப் பந்தயம் வைக்கிறோம். விழாக் கமிட்டி உண்டு. ஊர் வரி உண்டு. முதல் பரிசு ஒரு முதலாளி, இரண்டாம் பரிசு இன்னொரு முதலாளி என்று போஸ்டர் அடிக்கிறோம். போலீஸ் அனுமதி வாங்கி, ரோட்டை அடைத்து, சாரதி யார் என்று மைக்கில் அறிவிக்கிறோம். டென்மார்க்காரன் கிளப் என்று சொல்வதை நாம் கமிட்டி என்கிறோம். பூஞ்சிட்டு என்று சின்ன மாட்டுக்குத் தனிப் பந்தயம் வைக்கத் தெரிந்த ஊருக்கு, 80 சிசிக்குத் தனிப் பந்தயம் வைப்பது பெரிய வித்தையா?

அரசாங்கத்துக்கும் மனசு இல்லை என்று சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் ரோட்டை மூடி, விளக்குப் போட்டு, ராத்திரியில் கார் ரேஸ் நடத்தினார்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் அதில் பங்கெடுத்தது. கோடிக்கணக்கில் செலவு. அது தேவையா, தேவை இல்லையா என்று கோர்ட் வரை போய்ச் சண்டை நடந்தது. அந்தச் சண்டை இங்கே வேண்டாம். ஆனால் தலைநகரத்தில் இரண்டு ராத்திரி கார் ஓட்டச் செலவழிக்க முடிந்த ஒரு மாநிலத்தால், மாவட்டத்துக்கு ஒரு மண் வட்டம் போட முடியாதா? தார் வேண்டாம், கேலரி வேண்டாம், ராத்திரி விளக்கு வேண்டாம். சுற்றுச்சுவர், தடுப்பு, தண்ணீர் தெளிக்க ஒரு டேங்கர், நிற்க ஒரு ஆம்புலன்ஸ். 2019 நவம்பரில் தென்காசியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். மாவட்டத்துக்கு என்று எவ்வளவோ கேட்கிறோம், பட்டியலில் இதையும் சேர்த்துக் கேட்டால் என்ன?

ஒரு நிபந்தனை. அருவிப் பக்கமோ, மலையடிவாரத்துக் காட்டுப் பக்கமோ, குளத்துக்குள்ளேயோ போடக்கூடாது. யானையும் தண்ணீரும் போகிற பாதையில் ரேஸ் டிராக் போட்டால் அது வேறு பாவம். ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் காற்றாடி மட்டும் சுற்றுகிற வறண்ட தரிசு எவ்வளவோ கிடக்கிறது.

அங்கே மட்டும் சாவு வராதா?

இதுதான் உண்மையான கேள்வி. பெற்றோர் கேட்கிற கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

வரும். குண்டர்சன் மூன்று தடவை உலக சாம்பியன். 1989 செப்டம்பர் 17ஆம் தேதி இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் உலக டீம் கோப்பை இறுதிப் போட்டி. முதல் ரேஸிலேயே வண்டிகள் மோதிச் சரிந்தன. அவருக்குக் கழுத்தெலும்பில் பலத்த அடி. உயிர் பிழைத்தார். ஆனால் 30 வயது நிறையும் முன்பே ஓட்டம் முடிந்தது. பிறகு டென்மார்க் டீமுக்கு மேலாளராக வந்தார், ஓட்டுகிறவராக வரவில்லை. நம்ம இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில் 59 வயதான மூத்த கார் ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பைக் ரேஸில் விழுந்து இறந்தான். 13 வயசு! அந்த வீட்டுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகளை எந்த வயசில், எந்த வண்டியில், எத்தனை பேரோடு ஓட விடலாம் என்பதற்குக் கறாரான விதி வேண்டும் என்பதை அந்த மரணம் சத்தம் போட்டுச் சொல்கிறது.

ஆனால் டிராக்குக்கும் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது. டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே கேரளாவுக்கு எம்-சாண்ட் ஏற்றிப் போகிற லாரி வராது. குறுக்கே நாய் ஓடாது. கொடி காட்ட ஆள் உண்டு, டாக்டர் உண்டு, கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அங்கே விழுகிறவன், விழலாம் என்று தெரிந்து போனவன். குற்றாலம் ரோட்டில் அடிபடுகிறவர் யார்? குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு ஓரமாக நடந்த யாரோ ஒரு அம்மா. அவர் எந்த ரேஸுக்கும் பெயர் கொடுக்கவில்லை.

அதனால்தான் சட்டமும் கடுமையாக இருக்கிறது. பொது இடத்தில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு. 18 வயது ஆகாதவன் ஓட்டிச் சிக்கினால் 2019 திருத்தத்தின்படி வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். இது சரியான சட்டம்தான். பெரியவர் சொன்ன மாதிரி நாலு பேரைப் பிடித்து உள்ளே போடுவதில் தப்பு இல்லை. ஆனால் பிடிப்பது மட்டும்தான் ஏற்பாடு என்றால் அடுத்த சீசனில் வேறு நாலு பேர் வருவார்கள். அதுவும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

தென்காசி பைபாஸ் ஓரத்தில் எத்தனை ஒர்க்‌ஷாப் இருக்கிறது? ஒவ்வொன்றிலும் கையெல்லாம் கிரீஸோடு ஒரு பையன் இருப்பான். பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்றவன். சத்தத்தை வைத்தே இன்ஜினில் என்ன கோளாறு என்று சொல்வான். ரிப்பேர் பார்த்த வண்டியை டிரையல் பார்க்கிறேன் என்று ஒரு ரவுண்டு போய்வருவான், அந்த ஒரு ரவுண்டுக்காகவே வேலை பார்க்கிற மாதிரி. அவனில் நூறு பேருக்கு ஒருத்தன் நல்ல ரேஸர் ஆகலாம். பத்துப் பேர் நல்ல ரேஸ் மெக்கானிக் ஆகலாம், அதற்கும் சம்பளம் உண்டு. மீதிப் பேர் ஒன்றுமே ஆக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மண்ணில் விழுந்து எழுந்து, திங்கட்கிழமை ரோட்டில் நிதானமாகப் போனால் போதும். வேகம் என்றால் என்ன என்று ஒழுங்காகத் தெரிந்தவனுக்குத்தான் அதன் மேல் பயமும் இருக்கும்.

சந்தோஷுக்கும் ஹரித் நோவாவுக்கும் தைரியம் இருந்தது. அந்தத் தைரியம் குற்றாலம் ரோட்டிலும் இருக்கிறது, அதில் நமக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் மண்ணும், சொல்லிக்கொடுக்க ஆளும், நம்பிப் பணம் போட ஒரு கம்பெனியும். அந்த மூன்றில் முதலாவது கிடைத்தால் மற்ற இரண்டும் மெதுவாக வந்து சேரும் என்பதைத்தான் வோயன்ஸ் காட்டியது. கோலாரும் இப்போது காட்டப் பார்க்கிறது.

அந்த மண் கிடைக்கிற வரைக்கும்... மெதுவாப் போங்க மக்கா. ஐந்தருவி எங்கேயும் ஓடிப் போகாது.

பி.கு: ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல வைக்கிறதுக்கு இல்ல. செக்போஸ்ட் பார்த்ததும் மாட்டுறதுக்கும் இல்ல. சந்தோஷ் 2021இல் அந்த அடியிலிருந்து பிழைத்து வந்தபோது அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது.